வைத்துக் காப்பாற்றினார்: ‘கீப்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி

நீதிமன்ற ஆவணங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். கீழ்நீதிமன்றத்தில் தமிழில் பதிவான பிராதும் சாட்சியமும் மேல்முறையீட்டுக்குப் போகும்போது ஆங்கிலத்தில் வேண்டியிருக்கும். வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கட்டு வரும், நான் மொழிபெயர்த்து, மூலத்தோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு அனுப்புவேன். அப்படி வந்த ஒரு சொத்து வழக்கில், இறந்துபோன ஒருவரின் பிள்ளைகள், அவரோடு கடைசிவரை வாழ்ந்த ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றக் கோரியிருந்தார்கள். பிராதில் அந்த அம்மாள் ‘வைப்பாட்டி’ என்று குறிக்கப்பட்டிருந்தார். அதே அம்மாள் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தில், “அவர் என்னை வைத்துக் காப்பாற்றி வந்தார்” என்ற வாக்கியம் இருந்தது. அலுவலகத்து இளநிலை வழக்கறிஞர் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு வரைவு தயாரித்துக் கட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தார். பிராதில் இருந்த வைப்பாட்டி, அந்த வரைவில் ‘எ கீப்’ ஆகியிருந்தாள். சாட்சியத்தில் இருந்த வைத்துக் காப்பாற்றினார், ‘ஹி கெப்ட் மீ’ ஆகியிருந்தது.

அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “வைச்சிருந்தார்னா கெப்ட்தானே மேடம்? பிராதுலயும் அதே வார்த்தைதான் போட்டிருக்கோம். ரெண்டு இடத்துலயும் ஒண்ணா இருந்தா படிக்கிறவங்களுக்குக் குழப்பம் இருக்காது” என்றார். அகராதியைப் புரட்டிப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை காண முடியாது. ஆனால் அந்த ஒரே சொல்லால், எதிர்த் தரப்பு அவர்மீது சுமத்திய பெயரை அந்த அம்மாளே கூண்டில் நின்று ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிட்டிருந்தது. தமிழில் அவர் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழில் அவர் சொன்னது, தமக்கு அரிசியும் வாடகையும் மருந்தும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றிய சாட்சியம்.

‘வைத்துக் காப்பாற்றுதல்’ என்ற தொடர் குடும்ப நீதிமன்ற மனுக்களில் புழங்கும் ஒருவருக்குப் புதியதல்ல. ஊரறியத் தாலி கட்டிக்கொண்ட மனைவியும், “எதிர்மனுதாரர் என்னை வைத்துக் காப்பாற்றவில்லை”, “என்னோடு சேர்த்து வைத்து வாழவில்லை” என்றுதான் மனுவில் எழுதுகிறாள். மாப்பிள்ளை பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வியும், “பையன் பொண்ண வச்சுக் காப்பாத்துவானா?” என்பதுதான். அந்த ‘வைத்து’ என்ற சொல்லில் களங்கம் ஏதும் இல்லை. குடித்தனத்தின் முழுப் பொறுப்பும் அதில் அடங்கியிருக்கிறது. அதே வினையிலிருந்து பிறந்த ‘வைப்பாட்டி’ என்ற பெயர் மட்டும் ஏன் வசையாக மாறியது, ஆங்கிலத்திலும் இதே கதைதான் நடந்ததா என்ற கேள்வி, அந்தக் கட்டை அனுப்பிய பிறகும் என்னை விடவில்லை. ‘கீப்’ என்ற வினைச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனது அதனால்தான்.

உறவினர் இல்லாத ஒரு சொல்

ஆங்கிலத்தின் அன்றாட வினைச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜெர்மன், டச்சு, நார்வேஜிய மொழிகளில் உடன்பிறப்புகள் உண்டு. ‘கீப்’ என்பதற்கு அப்படி உறுதியான உறவு எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘கேபன்’ என்ற வடிவில், கி.பி. 1000ஐ ஒட்டிய எழுத்துகளில் அது திடீரென்று தோன்றுகிறது. ஏல்ஃப்ரிக் என்ற துறவியின் எழுத்துகளில் அதைப் பார்க்கலாம். தோன்றும்போதே பல பொருள்களோடு தோன்றுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்கள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இத்தனை பொருள்கள் கிளைக்க வேண்டுமானால் அதற்கு முன்பே அச்சொல் நெடுங்காலம் மக்கள் வாயில் புழங்கியிருக்க வேண்டும், எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் அதை எழுதத் தகுந்த சொல்லாகக் கருதாமல் இருந்திருக்க வேண்டும். ஏட்டில் ஏறாத எளிய மக்களின் பேச்சிலிருந்து வந்த சொல் என்பதே அந்த அகராதி அதற்குக் கொடுத்த பிறப்புச் சான்று. இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூண்டில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பேசுவதும் அத்தகைய மொழியைத்தான்.

அந்தத் தொடக்ககாலப் பொருள்கள் எவை என்று பார்க்கும்போதுதான் வியப்பு கூடுகிறது. நாடுதல், எதிர்நோக்குதல், கவனித்தல், பதுங்கியிருந்து பார்த்தல், அக்கறை கொள்ளுதல் என்பவையே அவை. இலத்தீனில் ‘உற்று நோக்கு’ என்று பொருள்படும் வினைக்கு இணையாக அந்தக் காலத்தார் இச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஒரு பொருளைத் தன்னிடம் உடைமையாக வைத்துக்கொள்ளுதல் என்ற பொருள், இன்று முதலில் நம் நினைவுக்கு வருவது, பின்னால் வந்து சேர்ந்தது. முதலில் கண் இருந்தது. கைக்குள் வருவது பிறகு நடந்தது. எதைக் கண் விடாமல் பார்க்கிறோமோ அதைக் காக்கிறோம், எதைக் காக்கிறோமோ அது நம்மோடு இருக்கிறது என்று பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாக நகர்ந்திருக்கிறது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் முன்னுரையிலேயே இந்த இரண்டு நிலைகளும் அருகருகே கிடைக்கின்றன. அங்கே வரும் கப்பலோட்டி மனச்சாட்சியைப் பொருட்படுத்தாதவன். அதைச் சொல்ல சாசர் ‘கீப்’ என்பதைப் பெயர்ச்சொல்லாக்கி, அவன் மனச்சாட்சிமேல் ‘கீப்’ வைக்கவில்லை, அதாவது கவனம் வைக்கவில்லை என்கிறார். சற்றுத் தள்ளி வரும் ஏழைப் பாதிரியாரோ, வேறு நல்ல வேலை தேடி இலண்டனுக்கு ஓடாமல், ஊரிலேயே தங்கித் தம் பட்டியை ஓநாய் அண்டாமல் காத்தவர். அந்தக் காத்தலுக்கும் இதே வினைதான். அப்போது அதன் உச்சரிப்பு ஏறத்தாழ ‘கேப்’ என்று இருந்தது. அடுத்த சில நூற்றாண்டுகளில் ஆங்கில நெட்டுயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறியபோது அது ‘கீப்’ ஆயிற்று. இறந்தகால வடிவத்தில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்ததால் உயிர் முன்பே குறுகிப்போயிருந்தது, ஆகவே ‘கெப்ட்’ மட்டும் பழைய ஓசைக்கு நெருக்கமாகத் தங்கிவிட்டது.

ஆட்டுப் பட்டியைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘கீப்’ தோன்றுவதற்கு முன் அதன் வேலைகள் பலவற்றைச் செய்துவந்தது ‘ஹோல்ட்’ என்ற வினை. இன்று கையில் பிடித்தல் என்று பொருள்படும் அதற்கு ஜெர்மானியக் குடும்பம் முழுவதும் உறவினர் உண்டு. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் கோத்திக் என்னும் பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்த விவிலியத்தில், ஊதாரி மைந்தன் பன்றி மேய்க்கப் போகும் இடத்தில் வருவது இந்த வினைதான். மேய்த்தலும் கண்காணித்தலும்தான் அதன் பழைய பொருள்; பிடித்துவைத்தல் பிறகுதான் வந்தது. ‘ஹோல்ட்’ கைக்குள் இறுகிப் போனபோது, கண்காணித்தல் என்ற பழைய வேலையை எடுத்துக்கொள்ள மக்கள் பேச்சிலிருந்து ‘கீப்’ எழுந்து வந்தது. பிறகு அதுவும் அதே வழியில் கண்ணிலிருந்து கைக்கு நகரத் தொடங்கியது.

ஆனாலும் பழைய பொருள் அழியவில்லை. ‘கீப்பர்’ என்ற பெயரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. விக்கெட் கீப்பருக்கு அந்த மூன்று குச்சிகளும் சொந்தமல்ல. மிருகக்காட்சிசாலைக் காவலருக்குப் புலி சொந்தமல்ல. கலங்கரை விளக்கத்தில் விழித்திருந்தவருக்கு விளக்கு சொந்தமல்ல. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் துறைத் தலைவர்களுக்கு ‘கீப்பர்’ என்பதே பதவிப் பெயர். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் நிக்கலஸ் பேக்கன் வகித்த உயர்பதவி அரச முத்திரையின் ‘கீப்பர்’ என்பது. முத்திரை அரசியுடையது, காவல் அவருடையது. இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும், பிறருக்குரியதை விழிப்போடு காக்கிறவர் என்ற பொருளே நிலைத்திருக்கிறது.

விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேல் 1530இல் இந்த வினையைக் கையாண்ட விதமும் இதற்குச் சான்று. தம்பியைக் கொன்ற காயின், “என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?” என்று கேட்கும் இடத்தில் அவர் ‘கீப்பர்’ என்று எழுதினார். “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்” என்ற ஆசியில் ‘கீப்’ என்று எழுதினார். எபிரேய மூலத்தில் இரண்டு இடங்களிலும் இருப்பது ‘ஷாமர்’ என்ற ஒரே வினை. அதற்கும் காவல் புரிதல், கவனித்தல் என்றே பொருள். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசரின் விவிலியப் பதிப்பும் இதையே பின்பற்றியது. ஆங்கிலேயர் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கேட்டுப் பழகிய ‘கீப்’ இதுதான்.

மணமேடையில் சொன்ன உறுதிமொழி

ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இந்த வினை எப்படிப் புழங்கியது என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது. அதற்குப் பதில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் கிடைத்தது. 1549இல் பேராயர் தாமஸ் கிரான்மரின் முயற்சியில் வெளிவந்து, 1662இல் நிலைபெற்ற வடிவத்தை அடைந்த நூல் அது. திருமணச் சடங்கில் குருவானவர் மணமகனைப் பார்த்துக் கேட்கிறார்: இவளை நேசித்து, தேற்றி, மதித்து, நோயிலும் நலத்திலும் ‘கீப்’ செய்வாயா? உடனே மணமகளைப் பார்த்துக் கேட்கிறார்: இவனுக்குக் கீழ்ப்படிந்து, பணிவிடை செய்து, நேசித்து, மதித்து, நோயிலும் நலத்திலும் இவனை ‘கீப்’ செய்வாயா? கீழ்ப்படிதலும் பணிவிடையும் பெண்ணுக்கு மட்டும் வைக்கப்பட்டிருப்பது அந்தக் காலத்தின் ஏற்றத்தாழ்வு. ஆனால் இந்த ஒரு வினையில் ஏற்றத்தாழ்வு இல்லை. அவன் அவளை வைத்துக் காக்க வேண்டும். அவளும் அவனை வைத்துக் காக்க வேண்டும். அந்த வரிகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொற்கள் சென்னை மண்ணிலும் ஒலித்தவைதான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறந்து அர்ப்பணிக்கப்பட்டது; இந்தியாவிலுள்ள மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் அது. அங்கே பதிவான முதல் திருமணம், அதே ஆண்டு நவம்பர் 4 அன்று எலிஹு ஏலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும் நடந்தது. பின்னாளில் மதராஸின் ஆளுநராகி, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தம் பெயரையும் தந்த அதே ஏல்தான் இவர். கேத்தரின் பிற்பாடு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட, ஏல் மதராஸில் வைர வணிகர் ஒருவரின் விதவையான ஹெரோனிமா டி பைவாவோடு வாழ்ந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். மணமேடையில் ‘கீப்’ என்று உறுதிமொழி கொடுத்த ஒருவர், அக்கால இலண்டன் வழக்கில் வேறொரு பொருளில் ‘கீப்பர்’ ஆகியிருந்தார்.

அந்த வேறொரு பொருள் பதினேழாம் நூற்றாண்டின் இலண்டனில் நன்றாக ஊன்றிவிட்டிருந்தது. மணமாகாத பெண்ணொருத்திக்குத் தனி வீடு எடுத்துக் கொடுத்து, செலவுக்குப் பணமும் கொடுத்து வைத்திருக்கும் வழக்கம் மேட்டுக்குடி ஆண்களிடையே பரவியிருந்தது. அப்படிப்பட்ட ஆணைக் குறிக்கவே ‘கீப்பர்’ என்ற சொல் வழங்கியது. ஜான் டிரைடன் எழுதி 1678இல் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தின் பெயரே ‘அன்பான கீப்பர்’ என்பதுதான். மூன்று நாள் நடந்ததும் நாடகம் நிறுத்தப்பட்டது. 1680இல் அச்சாகி வந்தது. இங்கே நான் கவனிக்கச் சொல்வது, பழித்துக் காட்டப்பட்டவன் யார் என்பதை. பெயர் சூட்டப்பட்டது ஆணுக்கு. வைத்துக்கொண்டவன் அவன், ஆகவே செயலின் பெயரும் அவனுக்கே. பெண் ‘கெப்ட்’ என்ற அடைமொழியோடு குறிக்கப்பட்டாள் என்பது உண்மை. ஆனால் அந்த அடைமொழியைக் கேட்டதும், யாரால் என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. வினையின் சாயல் இருக்கும்வரை எழுவாயை மறைக்க முடியாது.

இங்கிலாந்தில் இன்று ‘கீப்’ என்பதைப் பெயர்ச்சொல்லாகக் கேட்பவருக்கு, கோட்டையின் நடுவிலிருக்கும் உறுதியான கோபுரமோ, ஒருவரின் உணவுக்கும் இருப்பிடத்துக்கும் ஆகும் செலவோதான் நினைவுக்கு வரும். கோபுரத்துக்கு அந்தப் பெயர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. செலவு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவாகிறது. அது ஒரு பெண்ணுக்கான பெயராக, அடைமொழியோ எழுவாயோ தேவைப்படாத தனிப் பெயராக வேரூன்றியது இந்திய ஆங்கிலத்தில்தான். இதில் நம் மொழிகளின் பங்கும் உண்டு என்று நான் நினைக்கிறேன். தமிழின் ‘வை’ மிகப் பரந்த வினை. மேசைமேல் வைப்பதும் அதுவே, பத்திரமாக வைப்பதும் அதுவே. அதனால்தான் நம்மவர்கள் ஆங்கிலத்திலும், கோப்பை மேசைமேல் ‘கீப்’ செய்யச் சொல்கிறார்கள், தொலைபேசியை ‘கீப்’ செய்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மொழி புதிய மண்ணில் ஊன்றும்போது இப்படித்தான் வளரும். ஆனால் அதே வழியில் ‘வைப்பு’ என்ற நம் வசைச்சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் நுழைந்து, வழக்கு ஆவணங்களின் மதிப்பைப் பெற்றுவிட்டது.

குறுக்கு விசாரணையின் கடைசிப் பக்கம்

வழிபாட்டு நூலின் வரிகளைப் படித்தபின், அந்தச் சாட்சியத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதில் குறுக்கு விசாரணையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி இருந்தது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர், அந்த மனிதர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவருடைய பணத்தை எடுத்துக்கொள்ளத்தான் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில் இப்படிப் பதிவாகியிருந்தது: “பணத்துக்காக என்று சொன்னால் சரியல்ல. அவர் படுத்த நாள் முதல் நான்தான் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டேன். புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான்தான்.” அதே ‘வைத்து’. முதல் விசாரணையில் எழுவாய் அவர். குறுக்கு விசாரணையில் எழுவாய் இந்த அம்மாள். அவர் இவரை வைத்துக் காப்பாற்றினார், இவர் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். வழக்கறிஞரின் வரைவில் இரண்டாவது வாக்கியத்துக்கு ‘நர்ஸ்ட்’ என்று போட்டிருந்தது. பொருளில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால், ஆண் செய்தது வைத்துக்கொள்ளுதலாகவும் பெண் செய்தது பணிவிடையாகவும் பிரிந்துபோயின. சாட்சி இரண்டுக்கும் ஒரே வினையைத்தான் சொல்லியிருந்தார். நோயிலும் நலத்திலும் என்று ஆங்கிலேயர் மணமேடையில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும், மணமேடையே காணாத ஒரு பெண் நீதிமன்றக் கூண்டில் பதில் சொல்லியிருந்தார்.

எனக்கு வழி தெரிந்தது அந்தப் பக்கத்தில்தான். இரண்டு இடத்திலும் ‘கெப்ட்’ என்று போட முடியாது. இன்றைய ஆங்கில வாசகருக்கு முதல் வாக்கியம் வசையாகவும் இரண்டாவது வாக்கியம் புதிராகவும் இருக்கும். இரண்டு இடத்திலும் ‘லுக்ட் ஆஃப்டர்’ என்று போட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டார், நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஆங்கிலத் தொடரிலும் தமிழின் பார்த்துக்கொள்ளுதலிலும் இருப்பது கண். ஆயிரம் ஆண்டுக்கு முன் ‘கேபன்’ என்ற வினை சுட்டியதும் கண்ணைத்தான். பிராதில் இருந்த ‘வைப்பாட்டி’ என்பதை மட்டும் மென்மையாக்காமல், கடுமை குறையாத ஆங்கிலத்திலேயே விட்டுவைத்தேன். எதிர்த் தரப்பு அந்த அம்மாளை என்ன பெயரிட்டு அழைத்தது என்பதும் நீதிபதி அறிய வேண்டிய செய்தி. மொழிபெயர்ப்பாளர் அதைப் பூசி மெழுகுவது நேர்மையாகாது. கட்டைப் படித்துப் பார்த்த இளநிலை வழக்கறிஞர், “ரெண்டும் வேற வேற வார்த்தைனு இப்பத்தான் தெரியுது மேடம்” என்றார். மூத்தவரும் அப்படியே தாக்கல் செய்யச் சொல்லிவிட்டார்.

தீர்ப்புகளில்

பழைய இந்துச் சட்டத்தில் இப்படி வாழ்ந்த பெண்ணுக்கு ‘அவருத்த ஸ்திரீ’ என்று பெயர். அடைத்து வைக்கப்பட்டவள், பிறரிடம் போகாமல் தடுத்து வைக்கப்பட்டவள் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள், கேட்கவே கசக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வைத்துக்கொண்டவன்மேல் ஒரு கடமையையும் சுமத்தியிருந்தது. ஒருவனோடு மட்டும் அவன் இறக்கும்வரை வாழ்ந்த பெண்ணுக்கு அவனுடைய சொத்திலிருந்து ஜீவனாம்சம் உண்டு; அக்காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1926இல் தீர்ப்பளித்த ஒரு பம்பாய் வழக்கில், அவள் அவனுடைய குடும்ப வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று சொல்லப்பட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் சார்ந்திருப்போரின் பட்டியலை வகுத்தபோது அவளுக்கு அதில் இடம் தரவில்லை. இழிவான பெயர் போகவில்லை. அதோடு ஒட்டியிருந்த உரிமை போய்விட்டது. இந்த இழப்பைப் பற்றிச் சட்டக் கல்லூரிகளில் இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ என்ற தொடரைக் கொண்டுவந்து அந்தக் கதவை ஓரளவு மறுபடி திறந்தது. அந்தத் தொடருக்கு எது எல்லை என்ற கேள்வி, கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010 அக்டோபர் 21 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ். தாக்கூர் அமர்வு தந்த தீர்ப்பில், ஒருவன் பணம் கொடுத்துப் பராமரித்து முக்கியமாக உடல் தேவைக்கோ பணிப்பெண்ணாகவோ பயன்படுத்தும் ‘கீப்’ இந்த வரையறைக்குள் வரமாட்டாள் என்று எழுதப்பட்டது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங், அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். 21ஆம் நூற்றாண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா, ஓர் ஆணை நான் ‘கீப்’ ஆக வைத்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணால் சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி. வைப்பாட்டியைக் குறிக்கும் இன்னோர் ஆங்கிலச் சொல்லான ‘கான்குபைன்’ என்று போட்டால் பொருந்துமா என்று அமர்விலிருந்து ஒரு வினா வந்தது. ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயர்.

இந்திரா ஜெய்சிங்கின் எதிர்ப்பு முழுக்க நியாயமானது. அதோடு, அவருடைய கேள்விக்கு அந்த வினையின் வரலாற்றில் ஒரு பதிலும் இருக்கிறது: சொல்ல முடியும், 1549இலேயே பெண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வினையாக இருந்தவரை அது யாருக்கும் உரியதாக இருந்தது. ‘வைத்துக் காப்பாற்றினார்’ என்பது ஒருவர் செய்ததைச் சொல்கிறது. செய்தவருக்கு அதில் பொறுப்பு இருக்கிறது. அதைப் பெயராக உறையவைத்த கணத்தில் செய்தவர் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்கிறார். செய்யப்பட்டவளின்மேல் அந்தச் செயல் நிரந்தர முத்திரையாக விழுகிறது. என் மேசைக்கு வரும் கட்டுகளில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்த ஆணுக்கு எப்போதும் ‘காலஞ்சென்ற’ என்ற மரியாதையான அடைமொழி மட்டுமே இருக்கிறது.

2023 ஆகஸ்டில், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் காலத்தில், பாலின முற்சாய்வுகளைக் களைவதற்கான கையேடு ஒன்றை உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. தவிர்க்க வேண்டிய சொற்களில் ‘கான்குபைன்’, ‘கீப்’ இரண்டும் ஒன்றாக இடம்பெற்றன. அவற்றுக்குப் பதிலாக, திருமணத்துக்கு வெளியே ஓர் ஆண் காதல் அல்லது பாலுறவு கொண்டிருந்த பெண் என்று எழுத வேண்டும் என்றது கையேடு. நீளமான தொடர்தான்; ஆனால் அந்த நீளத்தில் ஆண் திரும்பி வந்துவிட்டான், எழுவாயாகவே வந்துவிட்டான். அதை நான் மனமார வரவேற்கிறேன். எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அந்தத் தொடரில் உறவு இருக்கிறது, பராமரிப்பு இல்லை. சொத்திலோ ஜீவனாம்சத்திலோ உரிமை கேட்டு வருகிற பெண் நிரூபிக்க வேண்டியது பாலுறவை அல்ல. ஒருவரையொருவர் வைத்துக் காப்பாற்றிய வாழ்க்கையைத்தான்.

அந்த வாழ்க்கையை எப்படி எடைபோடுவது என்பதற்கு உச்ச நீதிமன்றமே 2013 நவம்பரில் ஒரு வழக்கில் சில அளவுகோல்களைச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் முடிவு மனுதாரரான பெண்ணுக்குச் சாதகமாக அமையவில்லை என்றாலும், அளவுகோல்கள் நின்றுவிட்டன. எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஒரே வீட்டில் இருந்தார்களா, பணத்தைப் பொதுவில் போட்டார்களா, பிள்ளைகள் உண்டா, ஊரார்முன் கணவன் மனைவியாகப் பழகினார்களா என்பவற்றோடு, வீட்டு ஏற்பாடுகள் என்ற தலைப்பில் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டை நடத்தும் பொறுப்பு, குறிப்பாகப் பெண்ணிடம், ஒப்படைக்கப்பட்டிருந்ததா, துப்புரவு, சமையல், வீட்டைப் பராமரித்தல் ஆகியவற்றை அவள் செய்தாளா. ஆங்கில மூலத்தில் அந்தக் கடைசிச் சொல் ‘அப்கீப்பிங்’. வீட்டு வேலை பெண்ணுடையது என்ற பழைய எண்ணம் அந்த வரியில் ஒட்டியிருக்கிறது என்று குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆயினும் வழக்கு நடத்துகிறவர்களுக்கு அந்த வரி பயன்படும். அங்கே ‘கீப்’ வினையாக இருக்கிறது, அதைச் செய்பவள் பெண்ணாக இருக்கிறாள், அவள் செய்தது சாட்சியமாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. வாடகை ரசீதும் குடும்ப அட்டையும் இல்லாத பெண்களிடம்கூட அந்தச் சாட்சியம் இருக்கும். அடுப்பு, தண்ணீர், மருந்துச் சீட்டு, மருத்துவமனையில் உடன் இருந்த இரவுகள் என்று அவர்கள் சொல்வதை, கீழ்நீதிமன்றத் தட்டச்சர் ஒற்றை வரியில் சுருக்கிவிடாமல் சொன்னபடியே பதிவு செய்தால், அதை ஆங்கிலத்துக்கு முழுமையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்னைப் போன்றவர்களின் வேலை.